மசோதா சட்டமானால் போதுமா?

சட்டம் என்றாலே நம் ஜனங்களில் பலர், யாரோ பெரியவர்கள் எழுதி, எங்கோ மேலேயிருந்து ஒரே நாளில் வந்து விழுவதாக எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். சாஸ்திரத்தைப் பற்றி எண்ணிப் பழகிய புத்தி, சட்டத்தைப் பற்றியும் அப்படியே எண்ணுகின்றது. உண்மை அதுவல்ல. சட்டம் மனிதன் செய்வது. அதையும் படிப்படியாகச் செய்வது. மசோதாவைச் சபையில் கொண்டுவருதல், கமிட்டி பரிசீலனை, இரு சபைகளின் ஓட்டு, நாட்டுத் தலைவரின் சம்மதம், அமுலுக்கு வரும் தேதி என்னும் ஒவ்வொரு படியிலும் அதை வளர்க்கவும் இடமுண்டு, கொல்லவும் இடமுண்டு.

சாரதா சட்டத்தையே எடுத்துக் கொள்வோம். 1927ல் ஹரிபிலாஸ் சாரதா இந்தியா சட்டசபையில் கொண்டுவந்த மசோதா இந்துக்களுக்கு மாத்திரம். கலியாண வயது பெண்ணுக்கு 12, ஆணுக்கு 15. செலக்ட் கமிட்டி அதை எல்லா மதத்தாருக்கும் பொதுவாக்கி, வயதையும் 14, 18 என உயர்த்தியது. ஆனால், குறைந்த வயதில் செய்த கலியாணம் செல்லாது என்ற பகுதி எடுபட்டு, செய்வித்தவர்களுக்குத் தண்டனை என்பது மாத்திரமே மிஞ்சியது. ஜோஷி கமிட்டியின் விசாரணைக்காகவும் காத்திருந்து, 1929 செப்டம்பரில் மசோதா நிறைவேறிற்று. அக்டோபர் 1ந் தேதி சம்மதம் கிடைத்தது. அமுலுக்கு வந்ததோ 1930 ஏப்ரல் 1ந் தேதி!

நடுவிலிருந்த ஆறு மாதத்தில் நடந்ததென்ன? நாட்டின் பல பாகங்களிலும் குழந்தைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்து முடித்தார்கள். அமுலுக்கு வந்த பிறகாவது பலன் உண்டா? போலீசார் தாமாகப் பிடிக்க முடியாது. யாராவது கோர்ட்டில் பிராது கொடுக்க வேண்டும். அவரிடம் 100 ரூபாய் வரை ஜாமீன் பத்திரம் கேட்கலாம். ஒரு வருஷம் கடந்தால் பிராதும் செல்லாது. சொந்த ஊராரைப் பகைத்து, பணத்துக்கும் பொறுப்பேற்று எந்த ஏழை பிராது கொடுப்பான்? எதிர்த்த வைதீகர்களுக்கு மசோதாவின் ஒவ்வொரு வரியிலும் கண் இருந்தது. பத்து வயதுப் பெண்ணின் பக்கம் நின்று வரி வரியாய்ப் படிக்க எத்தனை பேர் இருந்தார்கள்?

நிற்க, இது பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். போலீசார் தாமே நடவடிக்கை எடுக்கக்கூடிய குழந்தை மணத் தடைச் சட்டம் 2006ல் செய்யப்பட்டு, 2007 நவம்பர் 1ந் தேதிதான் அமுலுக்கு வந்தது. பெண்ணின் வயதையும் ஆணைப்போல் 21 ஆக்கும் மசோதா ஒன்று 2021 டிசம்பரில் லோக்சபைக்கு வந்து, கமிட்டிக்குப் போய், 2024ல் சபை கலைந்ததும் ஓட்டெடுப்பே இல்லாமல் காலாவதியாயிற்று. அம்மசோதா நல்லதா, கெட்டதா என்று நாம் இங்கு வாதிக்கவில்லை. அது செத்தது எத்தனை பேருக்குத் தெரியும் என்றே கேட்கின்றோம்.

தோழர்களே! ஓட்டுப் போட்டதோடு நம் வேலை தீர்ந்தது என்பது, தேங்காய் உடைத்ததோடு வியாதி தீர்ந்தது என்பதைப் போன்றதேயாகும். ஆதலால் ஒரு மசோதா வந்தால், கமிட்டியில் எடுபட்டது எது, அமுலுக்கு வருவது என்று, பிராது கொடுக்க உரிமை யாருக்கு என்ற மூன்றையும் ஊர்தோறும் கேட்க வேண்டும். கேட்கிறவர்கள் இல்லாத இடத்தில் நல்ல சட்டமும் வெறும் காகிதமேயாகும்.