முப்பது நாள் நோட்டீஸ்

சார்பதிவாளர் அலுவலகச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். மணமகன், மணமகள் பெயர், வயது, தொழில், குடியிருக்கும் முகவரி, நிரந்தர முகவரி, அங்கே எத்தனை நாளாக வசிக்கிறார்கள் என்பது வரை அதில் உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க விரும்பும் இருவர் கொடுத்த நோட்டீஸ் அது. முப்பது நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை தரலாம். அலுவலகத்தில் உள்ள அறிவிப்புப் புத்தகத்தையும் காசில்லாமல் புரட்டிப் பார்க்கலாம்.

இச்சட்டம் பெரிய விடுதலையாகத்தான் வந்தது. 1872இல் வந்த முந்தைய சட்டத்தில், மணமக்கள் தாங்கள் இன்னின்ன மதங்களைச் சேர்ந்தவர்கள் அல்ல என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. காதலுக்காகக் கடவுளைக் கைவிட வேண்டிய அந்த நிலையை 1954ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியது. அவரவர் மதத்தில் இருந்தபடியே இருவரும் சேர்ந்து வாழ வழி பிறந்தது. ஆனால் நோட்டீஸ் நீடித்தது.

ஆட்சேபணைக்குச் சட்டம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சில மட்டுமே: ஏற்கெனவே மணமாகித் துணை உயிரோடு இருப்பது, வயது நிரம்பாதது, மனநிலை சரியில்லாதது, தடைசெய்யப்பட்ட உறவுமுறை. பெற்றோர் சம்மதமோ சாதியோ மதமோ அதில் இல்லை. நடைமுறையில் அந்தத் தாளைத் தேடிப் படிப்பவர்களுக்கோ அவைதான் காரணம். நிரந்தர முகவரி வேறு மாவட்டம் என்றால் நோட்டீஸின் நகல் அந்த மாவட்டத்துக்கும் போய், அங்கேயும் சுவரில் ஏறும். பயந்து ஊரை விட்டு வந்த பெண்ணின் இப்போதைய முகவரியை அவள் ஊரிலேயே ஒட்டிவைக்கிறது அரசு. 2016இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்த இளைஞரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்ற தமிழ்நாட்டில், இது எவ்வளவு ஆபத்து என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இந்துக்கள் இருவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தப்படி, உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும், அந்த நிமிடமே கணவன் மனைவி. இந்துப் பெண்ணும் முஸ்லிம் இளைஞரும் அப்படிச் செய்ய முடியாது. அதனால் நம்பிக்கை ஏதும் இல்லாமலே ஒருவர் அவசரமாக மதம் மாறுவதும் நடக்கிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் எதைத் தவிர்க்க வந்ததோ, அதையே அதன் நோட்டீஸ் திரும்பக் கொண்டுவருகிறது.

வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. மணமக்கள் கேட்டால் மட்டும் நோட்டீஸை வெளியிட்டால் போதும் என்று 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு அது. வயதைச் சான்றிதழில் சரிபார்க்கலாம். முந்தைய திருமணத்தைப் பற்றி உறுதிமொழி வாங்கலாம். பொய் சொன்னால் தண்டிக்கலாம். இதற்குச் சுவர் எதற்கு? நோட்டீஸை ஒட்டச் சொல்லும் பிரிவையே நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.

அதுவரை, மிரட்டலுக்குப் பயந்து குறித்த நாளில் வராமல் போகிறவர்கள் நோட்டீஸ் கொடுத்து மூன்று மாதம் கடந்துவிட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். புது நோட்டீஸ், அதே சுவர், இன்னொரு முப்பது நாள்.