மூச்சு முடிகிற நேரத்தில் கண்ட சிப்பி



சென்ற மாதம் களப்போரக் கிராமம் ஒன்றில் சிறுகுழுக் கூட்டம் முடிந்து எழும்பும்போது, ஓர் அக்காவின் பெருவிரலில் சுற்றியிருந்த துணியைக் கண்டேன். மட்டி ஓடு வெட்டிய காயம். விடிய நாலரைக்கே தனியப் போய், நெஞ்சளவு தண்ணீரில் காலால் தடவிப் பார்த்து, மூழ்கி மட்டி எடுக்கிறா. கணவர் 2009 இல் காணாமற் போனவர். இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"தனியப் போகாதேங்கோ அக்கா" என்றேன்.

"துணைக்கு ஆள் வந்தா மட்டியையும் பங்கு போட வேணுமே பிள்ளை" என்றா.

எனக்கு மறுமொழி வரவில்லை. பல்கலைக்கழகத்தில் முறைசாராத் தொழில்கள் பற்றி ஒரு பாடம் படித்தேன். அதில் மட்டி வரவில்லை. ஆனால் வேறொரு நாட்டுப் பெண்களைப் பற்றி வாசித்தது நினைவுக்கு வந்தது. அங்கேயே திரும்பவும் பாயில் இருந்து அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

தென்கொரியாவின் தெற்கே ஜேஜு என்றொரு தீவு இருக்கிறது. அங்கே கடலில் மூழ்கிச் சிப்பி, நத்தை, கடற்பாசி எடுப்பவர்கள் பெண்கள். ஹேன்யோ, அதாவது கடற்பெண்கள் என்று பெயர். காற்றுச் சிலிண்டர் கிடையாது. ஒரு மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து மீற்றர் வரை இறங்கி, ஒன்று இரண்டு நிமிடத்துக்குள் மேலே வருவார்கள். வந்ததும் விசில் அடிப்பதுபோல ஒரு சத்தத்தோடு மூச்சை விடுவார்கள்.

அந்தத் தீவும் எங்களைப்போலப் பட்டதுதான். 1948 இல் தொடங்கிய கிளர்ச்சியையும் அதை அடக்க எடுத்த படை நடவடிக்கையையும் தொடர்ந்து 25,000 முதல் 30,000 பேர் வரை கொல்லப்பட்டதாகக் கணிக்கிறார்கள். தீவு மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். ஊர்கள் எரிந்தன. ஆண்கள் இல்லாமற்போன வீடுகளில் பெண்கள் கடலுக்குப் போய் உலை வைத்தார்கள். 2003 இல்தான் அந்நாட்டு ஜனாதிபதி ஒருவர் மன்னிப்புக் கேட்டார்.

நான் சொல்ல வந்தது அவர்களுடைய ஒழுங்குகளை. தனியாக எவரும் இறங்குவதில்லை. கூட்டமாகப் போகிறார்கள், ஒருவர் மேலே வரும் சத்தத்தை மற்றவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். கடல் எப்படி இருக்கிறதென்று அனுபவப்பட்ட மூத்தவர் பார்த்துச் சொல்வார். அபலோன் என்ற சிப்பி 10 சென்ரிமீற்றருக்கும், பெரிய கடல்நத்தை 7 சென்ரிமீற்றருக்கும் குறைவாக இருந்தால் எடுக்கக்கூடாது. நத்தைக்கு ஜூன் முதல் ஓகஸ்ற் வரையும், அபலோனுக்கு ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரையும் தடை. அவை பெருகும் காலம் அது. பொழுதுபோக்குக்காகச் சிலிண்டரோடு மூழ்க வருபவர்கள் பார்க்கலாம், அள்ள முடியாது. (எங்கள் நாட்டிலும் 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த விட்டமுள்ள சங்குக்குத் தடை இருக்கிறது. அதே 7 சென்ரிமீற்றர்தான்!)

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. கரையோரத்து ஆழங்குறைந்த பகுதியைச் சில ஊர்களில் "பாட்டிமார் கடல்" என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். வயது போனவர்களுக்கு மட்டும். பலமுள்ளவர்கள் அங்கே கை வைக்கமாட்டார்கள். வேறு சில ஊர்களில் ஒரு பகுதியில் எடுத்ததை விற்ற காசு பள்ளிக்கூடத்துக்குப் போனது.

மூச்சு முடிகிற நேரத்தில்தான் பெரிய அபலோன் ஒன்று கண்ணில் படுமாம். அது பாறையை இறுக்கிப் பிடித்துவிடும். நெம்பும் இரும்பு மணிக்கட்டில் கட்டியிருப்பதால் கையும் சிக்கிக்கொள்ளும். இப்படி இறந்த பெண்கள் உண்டு. ஆசையில் தண்ணீரை மூச்சாக இழுத்துவிடுவதை "தண்ணீர் மூச்சு" என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தி வளர்க்கிறார்கள். அதனால் பளபளக்கும் சிப்பி ஓட்டுத்துண்டு ஒன்றை அந்த இடத்தில் அடையாளமாக வைத்துவிட்டு மேலே வருவார்கள். மூச்செடுத்துத் திரும்பப் போனால் அது மினுங்கும்.

தொலைக்காட்சியில் சிரித்த முகத்தோடு காட்டுகிறார்களே என்று மயங்கவேண்டாம். 1970களில் இறப்பர் உடை வந்தபின் குளிர் தாங்க முடிந்தது, அதனால் மணித்தியாலக் கணக்கில் கடலில் நின்றார்கள். தலையிடி கூடியது. குளிசை போட்டுக்கொண்டே இறங்குபவர்கள் பலர். 1970 இல் 14,000 அளவில் இருந்தவர்கள் இப்போது 3,000 பேருக்கும் குறைவு, பெரும்பாலோர் 60 வயது தாண்டியவர்கள். 2016 இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டைப் பட்டியலில் சேர்த்தது நல்லதுதான். பிள்ளைகளைக் கடலுக்கு விட அந்தத் தாய்மாருக்கே விருப்பமில்லை.

கதையைக் கேட்டபின் எங்கள் அக்காமார் தங்களுக்குத் தெரிந்தவற்றைச் சொல்லத் தொடங்கினார்கள். பழைய சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்கவேணும். இடி முழங்கினால் கரைக்கு வரவேணும். ஓடு வெட்டினால் நல்ல தண்ணீரில் கழுவி, ஏற்பு ஊசி போடவேணும். தட்டினால் மூடாத மட்டி செத்தது, எறிந்துவிடவேணும். கழிவுத் தண்ணீர் விழும் பக்கத்து மட்டியை நன்றாக அவித்தாலும் நம்பக்கூடாது என்று நானும் ஒன்றைச் சேர்த்தேன்.

விரலில் துணி சுற்றிய அக்கா கடைசியாகக் கேட்டா: "நாங்கள் சின்னனை விட்டிட்டு வாறம். வெளியாக்கள் வந்து உரப்பையோட அள்ளினா ஆர் கேக்கிறது?"

ஜேஜுவில் கரையோரக் கடல் ஊர்ச் சங்கத்தின் உரிமை. இந்தக் குழுவில் ஒன்பது பேர் மட்டி எடுக்கிறார்கள், ஒருவரும் எந்தச் சங்கத்திலும் இல்லை. வள்ளமும் வலையும் இல்லாதவர் தொழிலாளர் இல்லை என்று முன்பொரு தடவை திருப்பி அனுப்பினார்களாம். ஒன்பது பேரும் கையெழுத்து வைத்த கடிதம் இப்போது என் பையில் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை அவர்களோடு நானும் போகிறேன். அக்காவும் பக்கத்து வீட்டுக்காரியும் இந்தக் கிழமை சேர்ந்து இறங்கியிருக்கிறார்கள். பங்கு போடவில்லை, ஆளுக்கொரு பறி.