பழைய பெயரைக் கேட்டால் வழி சொல்ல வேண்டாமா?

பாட்டி பம்பாய் என்கிறாள். பேத்தி மும்பை என்கிறாள். இருவரும் சொல்வது ஒரே ஊரைத்தான்.

பாட்டி சொல்வது தப்பா? இல்லை. அவள் பிறந்த காலத்தில் அந்த ஊருக்கு அதுதான் பெயர். 1995-ல் பெயர் மாறியது. ஊர் மாறவில்லை. கடலும் மாறவில்லை. பாட்டியின் நாக்கும் மாறவில்லை.

அந்தப் பாட்டி செல்போனை எடுத்து, விக்கிப்பீடியாவில் பழைய பெயரைத் தேடினால் என்ன ஆகும்? "அப்படி ஓர் ஊர் இல்லை" என்று கையை விரித்துவிடுமா?

விரிக்காது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 'பாம்பே' என்று தட்டினால், மும்பை பற்றிய கட்டுரை திறக்கிறது. தலைப்புக்குக் கீழே, 'பாம்பே என்ற பெயரிலிருந்து இங்கே அனுப்பப்பட்டது' என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது.

அனுப்பி வைத்தது ஒரு சின்னஞ்சிறு பக்கம். அதற்குத் தமிழில் 'வழிமாற்று' என்று பெயர்.

இந்த வழிமாற்றுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை எடுத்துவிடுவது? இதைப் பற்றி அங்கே விவாதம் ஓய்வதே இல்லை. கேட்டால் சிறிய விஷயம்போலத் தோன்றும். ஆனால், அறிவைத் தேடி வருகிறவன் உள்ளே போகிறானா, வாசலிலேயே திரும்புகிறானா என்பது இதில்தான் இருக்கிறது.

கைகாட்டி மரம்

விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15-ந் தேதி ஆங்கிலத்தில் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது அதன் கொள்கை. இன்று ஆங்கிலத்தில் 70 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் பிறந்தது. அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் சேர்ந்துவிட்டன.

வழிமாற்றுப் பக்கத்தில் கட்டுரை எதுவும் கிடையாது. 'இந்தப் பெயரைக் கேட்டு வந்தால், அந்தப் பக்கத்துக்கு அனுப்பு' என்று ஒரே ஒரு கட்டளை மட்டும் இருக்கும். முச்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம் மாதிரிதான். கைகாட்டி ஊர் அல்ல. ஆனால் அது இல்லாவிட்டால் புது ஆள் ஊர் போய்ச் சேர மாட்டான்.

அச்சிட்ட கலைக்களஞ்சியங்களிலும் இந்த வழக்கம் உண்டு. ஒரு பெயரைப் போட்டு, பக்கத்தில் இன்னொரு பெயரைச் சொல்லி, 'காண்க' என்று எழுதியிருப்பார்கள். படிப்பவர் ஏடுகளைப் புரட்டிப் போவார். இங்கே புரட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட வழிமாற்றுகளின் எண்ணிக்கை அதிகம். ஊர்களைவிடக் கைகாட்டி மரங்கள் அதிகம் என்று சொல்லலாம்!

யாருக்கு உதவி?

முதலாவது, பழைய பெயர் அறிந்தவர்களுக்கு. சிலோன் 1972-ல் ஸ்ரீலங்கா ஆயிற்று. மெட்ராஸ் 1996-ல் சென்னை ஆயிற்று. ஆனால் பழைய புத்தகங்களிலும், பழைய கடிதங்களிலும், வீட்டுப் பத்திரங்களிலும் பழைய பெயர்தான் இருக்கிறது. அதைப் படிப்பவர் அதைத்தானே தேடுவார்?

இரண்டாவது, எழுத்து வித்தியாசம். கனடாவில் உள்ள ஒரு நகரத்தைத் தமிழ்நாட்டில் டொராண்டோ என்று எழுதுகிறோம். இலங்கைத் தமிழர் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். இரண்டும் தமிழ். இரண்டும் நெடுநாள் வழக்கம். இவர் எழுதுவதை வைத்து அவருக்குக் கதவைச் சாத்தினால், அது ஒரே வீட்டில் அண்ணனுக்குச் சோறு போட்டுத் தம்பியை வெளியே நிறுத்தியது போல் ஆகும்.

மூன்றாவது, பெயர்ச் சண்டை. உக்ரைன் தலைநகரின் பெயரை ஆங்கிலத்தில் நெடுங்காலம் ரஷ்ய உச்சரிப்பை ஒட்டிக் 'கியெவ்' என்றே எழுதினார்கள். உக்ரைன் மக்கள் தங்கள் உச்சரிப்பில் 'கீவ்' என்று எழுதச் சொன்னார்கள். 2020 செப்டம்பரில் ஆங்கில விக்கிப்பீடியா தலைப்பை மாற்றியது. பழைய பெயர் வழிமாற்றாக நிற்கிறது.

துருக்கி விஷயம் இதற்கு நேர் எதிர். 2022-ல் அந்த நாடு, "எங்களை இனி உலக அரங்கில் 'துர்கியே' என்றே அழையுங்கள்" என்று கேட்டது. ஐ.நா. சபை ஏற்றுக்கொண்டது. ஆங்கில விக்கிப்பீடியாவோ, மக்கள் அதிகம் வழங்கும் பழைய பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டது. அங்கே புதிய பெயர்தான் வழிமாற்று. தலைப்பில் யார் ஜெயித்தாலும் சரி. வாசகர் எந்தப் பெயரைச் சொன்னாலும் வந்து சேர்ந்துவிடுகிறார்.

நான்காவது, எழுத்துப் பிழை. இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றவர் ஒரு காலை விட்டுவிடலாம்; ஒரு புள்ளியை மறந்துவிடலாம். பலரும் செய்யக்கூடிய பிழை என்றால், அதற்கும் ஒரு வழிமாற்று வைக்கலாம் என்பது விதி. பிழையாக எழுதியவரைத் திருத்தியும் விடுகிறது, திட்டாமலும் விடுகிறது.

எடுத்துவிடு என்பவர்கள் ஏன்?

"அப்படியானால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாமே! இடமா அடைக்கிறது?" என்று கேட்கலாம்.

இடம் அடைப்பதில்லை என்பது உண்மை. நீக்குவதால் இடம் மிச்சமாவதும் இல்லை. நீக்கிய பக்கம் உள்ளே பத்திரமாகவே இருக்கும். பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆகவே சண்டை இடத்துக்காக அல்ல.

தவறான கைகாட்டி, கைகாட்டி இல்லாததைவிட மோசம். இதுதான் நீக்கச் சொல்பவர்களின் வாதம். ஆப்பிள் என்று கேட்டவனை ஆரஞ்சுப் பக்கத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும்? இந்த உதாரணம் விக்கிப்பீடியாவின் விதியிலேயே இருக்கிறது.

ஒருவர் பெயரோடு வசைச் சொல்லைச் சேர்த்து, அதை அவருடைய கட்டுரைக்கு அனுப்பினால்? அது வழிகாட்டல் அல்ல. சுவரில் கரிக்கட்டையால் கிறுக்குவது. உயிரோடு இருக்கும் மனிதரின் மானம் போகிற காரியம். இதில் தயவு கிடையாது.

வேறு ஒரு சங்கடமும் உண்டு. ஒரு பெயரைத் தேடி ஒருவர் வருகிறார். வழிமாற்று அவரை ஒரு நீண்ட கட்டுரைக்கு அனுப்புகிறது. தலை முதல் கால் வரை படிக்கிறார். அவர் தேடிய பெயர் அதில் எங்குமே இல்லை! இது ஏமாற்றம் அல்லவா? அந்தப் பெயருக்குப் பக்கமே இல்லாதிருந்தால், அதன் இணைப்பு சிவப்பு நிறத்தில் தெரியும். "இதைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, நீங்கள் எழுதலாம்" என்பது அந்தச் சிவப்பின் அர்த்தம். வெறும் கைகாட்டி அந்த அழைப்பை மறைத்துவிடுகிறது.

ஏழு நாள் விசாரணை

ஒரு வழிமாற்று வேண்டாம் என்று நினைப்பவர், காரணம் சொல்லி அதை விவாதத்துக்கு வைக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் இதற்கென்றே ஒரு மன்றம் இருக்கிறது. சாதாரணமாக ஏழு நாள் அவகாசம். யாரும் வந்து பேசலாம். முடிவில் பெரும்பாலும் ஒரு நிர்வாகி தீர்ப்பு எழுதுகிறார். எத்தனை கை தூக்கியது என்று எண்ணுவதில்லை. யார் வாதம் வலுவானது என்றே பார்க்க வேண்டும்.

தீர்ப்பு பல விதம். வைத்துக்கொள்ளலாம். நீக்கலாம். வேறு பக்கத்துக்குத் திருப்பலாம். ஒரு பெயருக்குப் பல பொருள் இருந்தால் பட்டியல் போடலாம். 'மெர்க்குரி' என்றால் புதன் கிரகமா, பாதரசமா, ரோமானியக் கடவுளா? மூன்றையும் வரிசையாகக் காட்டி, "எது வேண்டும்?" என்று கேட்பதுதான் நியாயம்.

அந்தப் பெயரில் எத்தனை பேர் தேடி வந்தார்கள் என்ற கணக்கும் விவாதத்தில் எடுத்துக் காட்டப்படும். இன்னொன்றும் பார்ப்பார்கள். இரண்டு கட்டுரைகளை ஒன்றாக்கியிருந்தால், பழைய பக்கத்தில்தான் முதலில் எழுதியவர்களின் பெயர் வரலாறு இருக்கும். எழுதியவருக்குரிய மரியாதையைக் காட்டியாக வேண்டும் என்பது உரிம விதி. அந்தப் பக்கத்தைச் சட்டென்று நீக்க முடியாது.

அள்ளிக் கொட்டினால்?

2015-ல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு பெரிய குழப்பம் வெளிப்பட்டது. நிர்வாகிகளில் ஒருவரே பல பத்தாயிரம் வழிமாற்றுகளை உண்டாக்கி வைத்திருந்தார். பல, யாருமே தேடாத சொற்கூட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஏழு நாள் விசாரணை என்றால் நடக்கிற காரியமா? அவற்றை விரைவாக நீக்குவதற்கென்றே ஒரு தற்காலிக விதி செய்ய வேண்டியதாயிற்று. அந்த நிர்வாகி பதவியிலிருந்து விலகினார். உண்டாக்க ஒரு நொடி. ஆராய்ந்து நீக்கப் பலருடைய உழைப்பு.

ஆனால், இதற்குப் பயந்து எல்லாவற்றையும் வெட்டிச் சாய்ப்பதும் சரியல்ல. அதற்கும் உதாரணம் இருக்கிறது.

2009-ல் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தட்பவெப்ப ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஈ-மெயில்கள் திருட்டுப் போயின. விஞ்ஞானிகள் மோசடி செய்துவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்தது. 'கிளைமேட்கேட்' என்று ஊழலைக் குறிக்கும் பட்டப்பெயரும் வந்தது. விசாரணைகள் பல நடந்தன. விஞ்ஞானிகள் மோசடி செய்ததாக எதுவும் நிரூபணமாகவில்லை. கட்டுரைக்கு நடுநிலையான தலைப்பு இருக்கிறது. பட்டப்பெயரோ வழிமாற்றாக இருக்கிறது.

ஏன்? வதந்தியைக் கேட்டவர் வதந்தியின் பெயரைச் சொல்லித்தான் தேடுவார். அவரை உள்ளே அழைத்தால்தான் உண்மையைச் சொல்ல முடியும்.

கேட்க வேண்டிய கேள்வி

ஆகவே, எதை வைப்பது, எதை நீக்குவது என்பதற்கு ஒரே கேள்வி போதும். இந்தப் பெயரைச் சொல்லி வருகிறவர், தாம் தேடியதை அடைவாரா?

அடைவார் என்றால், பெயர் பழையதாக இருக்கட்டும், பிழையாக இருக்கட்டும், யாருக்கோ பிடிக்காததாக இருக்கட்டும். கைகாட்டி நிற்க வேண்டும். அடையமாட்டார் என்றால், அது எவ்வளவு அழகான பெயராக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

சரியான பெயரைச் சரியான எழுத்தில் தட்டத் தெரிந்தவருக்குக் கைகாட்டி தேவையில்லை. அவர் தாமே போய்விடுவார். பாட்டிக்குத்தான் அது வேண்டும். இன்றுதான் முதல் தடவையாக ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்கும் மனிதருக்குத்தான் அது வேண்டும். நீக்கலாமா என்று யோசிக்கிறவர்கள், தீர்ப்பு எழுதுமுன் அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.