நல்லதை நினைத்தால் போதுமா?

மனச்சோர்வில் இருப்பவருக்குச் சுற்றத்தார் முதலில் சொல்லும் அறிவுரை, "கெட்டதையே நினைக்காதே, நல்லதை நினை" என்பதுதான். இதன் அடியில் மூன்று நம்பிக்கைகள் உண்டு: எதைக் கவனிப்பது என்பது அவரவர் கையில் இருக்கிறது, நல்ல நினைவுகள் கூப்பிட்டால் வந்து ஆற்றிவிடும், இருண்ட எண்ணங்கள் சோர்வோடு வந்து சோர்வோடு போய்விடும். மூன்றுமே தவறு.

முதலில் கவனம். சோகமான முகத்தையும் சாதாரண முகத்தையும் அருகருகே காட்டும் சோதனைகளில், முகங்கள் நொடிப்பொழுது மின்னி மறைந்தால் சோர்வுற்றோர் பெரும்பாலும் மற்றவர்களைப் போலவே இருக்கிறார்கள். ஒரு விநாடியோ அதற்கு மேலோ திரையில் நின்றால்தான் வேறுபாடு தெரிகிறது. அவர்கள் சோகத்தைத் தேடிப் போவதில்லை. அதில் பட்ட கவனத்தை மீட்க முடியாமல் தவிக்கிறார்கள். இதைப் பிடிவாதம் என்பது அநியாயம்.

நினைவின் கதை இன்னும் ஆழமானது. ஒரே நாளுக்குள் மனநிலை ஏறி இறங்கும் நோயாளிகளை டேவிட் கிளார்க்கும் ஜான் டீஸ்டேலும் ஆராய்ந்து 1982இல் எழுதினர். சோர்வு மிகுந்த வேளையில் துயர நினைவுகள் கூடுதலாக வந்தன. தெளிந்த வேளையில் குறைந்தன. ஆளும் அதே ஆள், கடந்தகாலமும் அதேதான். நல்ல நினைவு வந்தாலும் அதற்கு உருவம் இருப்பதில்லை. மார்க் வில்லியம்ஸும் கீத் பிராட்பெண்டும் 1986இல் காட்டியபடி, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து அது தொடர்பான நிகழ்ச்சியைக் கேட்டால், குறிப்பிட்ட ஒரு நாள் எளிதில் வருவதில்லை. "சின்ன வயதில் ஊருக்குப் போகும்போதெல்லாம்" என்பதுபோலப் பொதுவாகவே பதில் வருகிறது. அந்த நாளின் மணமும் குரலும் இல்லாத நினைவு எப்படி ஆற்றும்? யூட்டா யோர்மனும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், இனிய நினைவுகளை வரவழைத்தபோது சோர்வில் இருந்தோரின் மனநிலை மேலும் மோசமானது. அறிவுரையே காயப்படுத்துகிறது.

மூன்றாவது நம்பிக்கையை மறுக்கும் சான்று 1989 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் தற்செயலாகக் கிடைத்தது. அதற்கு இரு வாரங்களுக்கு முன்புதான் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களின் மனப்போக்கை சூசன் நோலன்-ஹூக்ஸிமா அளந்திருந்தார். துயரத்தைத் திரும்பத் திரும்ப அசைபோடும் பழக்கம் உடையவர்களிடம், ஏழு வாரம் கழித்தும் சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. பழக்கம் முந்தியது, சோர்வு பிந்தியது. மனச்சோர்வு கண்ட தாய்மாரின் மகள்களிடம், அந்த மகள்களுக்கு நோய் வராதபோதே, சோக முகங்களை நோக்கிய கவனச் சாய்வு காணப்பட்டதும் இதையே சொல்கிறது. சாய்வு சோர்வை வளர்க்கும், சோர்வு சாய்வைக் கூட்டும். இரண்டும் ஒன்றையொன்று ஊட்டுகின்றன.

யோர்மன் குழுவின் 2007ஆம் ஆண்டு ஆய்வில் உதவியது வேறொன்று: தம்மோடு தொடர்பில்லாத விஷயங்களின்மேல் கவனத்தைத் திருப்பியபோது, இனிய நினைவு ஆற்றாத அதே மனங்கள் சற்றுத் தேறின.