மலைக்குத் துவக்கு வேண்டாம், மூடிய மலைக்குப் பேர் வேண்டும்

அண்மைக் காலமாக நமது தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப எழுகிறது. சிறுத்தை நடமாடும் மலைக்கு ஆட்களை அனுப்புவதென்றால் துவக்கோடு ஒருவரையும் கூட அனுப்ப வேண்டும், அல்லது தொழிலாளர்களில் சிலருக்காவது துவக்கு அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொடுக்கச் சங்கம் முன்வர வேண்டும் என்கிறார்கள். இளைஞர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். அமெரிக்காவில் காட்டுக்குள் நடந்து போகிறவர்கள் கரடிக்குப் பயந்து இடுப்பில் கைத்துப்பாக்கி செருகிக்கொண்டு போவதைக் கைபேசியில் பார்த்துவிட்டு, நமக்கும் ஏன் அப்படி ஒன்று இருக்கக் கூடாது என்று கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால் இஸ்தோப்பில் கட்டியிருந்த நாயைக் காணவில்லை. பீலிக்கரையில் கால் தடம். அன்றைக்கும் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு அதே மலைக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகள் ஆறரை மணிக்குத் தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில்தான் பாடசாலைக்கு வருகிறார்கள். வகுப்பில் வீடு பற்றிப் படம் வரையச் சொன்னால் லயத்துக்குப் பின்னால் ஒரு சிறுத்தையையும் சேர்த்து வரைகிறார்கள். இந்தப் பயம் யாரும் கட்டிவிட்ட கதை கிடையாது.

ஆனாலும் துவக்கு வேண்டும் என்பதைச் சங்கத்தின் கோரிக்கையாக ஏற்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம்.

முதலில் மலையில் நடப்பதைப் பார்ப்போம். சிறுத்தை ஆளைத் தேடி வந்து அடிப்பது இந்நாட்டில் மிக அரிது. 1924இல் புனானையில் சுடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி நூறு வருடம் கழித்தும் பேசுகிறார்கள். அது அவ்வளவு அபூர்வமான சம்பவம் என்பதே காரணம். நமது தேயிலை மலைகளில் நடப்பது வேறு விதம். பகலில் சிறுத்தை தேயிலைச் செடிக்கு அடியில், கானுக்குள் நிழல் தேடிப் படுத்திருக்கும். சில வேளை குட்டியும் போட்டிருக்கும். நிரை பிடித்துக் கொழுந்தெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அறியாமலே அதைச் சுற்றிவிடுகிறார்கள். போக வழி தெரியாத மிருகம் பாய்கிறது, பிறாண்டுகிறது, ஓடிவிடுகிறது. எல்லாம் நாலைந்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

அந்த நாலைந்து விநாடிக்குள் நமது பெண்கள் என்ன செய்ய முடியும்? இரண்டு கையும் செடியில், மட்டக்கம்பு வாதில், இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை. இதில் துவக்கை எங்கே வைப்பது? குண்டு போட்ட துவக்கோடு மழையில் வழுக்கும் சரிவில் ஏறி இறங்குவது எப்படி? சரி, துவக்கோடு ஒருவரைத் தனியாக மேல் ரோட்டில் நிறுத்துகிறோம் என்று வையுங்கள். அவருக்கும் சிறுத்தைக்கும் இடையில் இருபது முப்பது பேர் நிற்பார்கள். வேட்டைத் துவக்கின் சன்னங்கள் தூரம் போகப் போக விரிந்து பரவும். பக்கத்து நிரையில் நிற்கிறவளை விட்டுவிட்டுச் சிறுத்தையை மட்டும் பார்த்துப் போகச் சொல்லி அவற்றுக்கு யாரும் கட்டளை போட முடியாது.

அமெரிக்காக் கதைக்கும் வருவோம். அங்கே அலாஸ்கா மாநிலத்தில் 1883 முதல் 2009 வரை, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கரடியை எதிர்கொண்ட 269 சம்பவங்களை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். கைத்துப்பாக்கி பெரும்பாலான தடவைகளில் கரடியை நிறுத்தியிருக்கிறது, நூற்றுக்கு 84 வீதம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயப்பட்டதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதற்கு முன் 2008இல் வந்த ஆய்வு, கரடியின் முகத்தில் பீச்சும் ஒரு மருந்து பழுப்புக் கரடிகளை நூற்றுக்கு 92 வீதம் தடுத்ததாகச் சொன்னது. அந்த மருந்தில் எரிவது மிளகாயின் காரம்தான். (இதைப் படித்துவிட்டு யாரும் மிளகாய்த் தூளோடு மலைக்குப் புறப்பட வேண்டாம். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாது.) அதுவும் திறந்த வெளியில், இரண்டு கையும் சும்மா இருக்கிற, துப்பாக்கிப் பழக்கம் உள்ள மனிதர்களின் கணக்கு. கொழுந்துக்கூடை சுமந்த கணக்கு இல்லை.

இலங்கையில் கைத்துப்பாக்கி எவர் கைக்கும் எளிதில் வருவதும் இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி எந்தத் துவக்குக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். தற்பாதுகாப்புக்கென்று கொடுத்திருந்த துப்பாக்கிகளையே மீள ஒப்படைக்கும்படி 2024இன் கடைசியில் பாதுகாப்பு அமைச்சு அறிவித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பயிர்ப் பாதுகாப்புக்கான வேட்டைத் துவக்கு வேறு விடயம். அதைக் கேட்கிறவர் எந்தக் காணி, எந்தப் பயிர் என்று காட்ட வேண்டும். இருநூறு வருடமாகியும் காம்பரா கூடச் சொந்தமில்லாத நாம் எந்தக் காணியைக் காட்டுவது? காணி உள்ள மரக்கறித் தோட்டக்காரர் பன்றித் தொல்லைக்கு முறைப்படி விண்ணப்பித்துத் துவக்கு எடுப்பதை நாம் எதிர்க்கவில்லை. ஓர் இரவில் ஒரு போகத்து உருளைக்கிழங்கையும் பன்றி உழுதுவிட்டுப் போகிற வயிற்றெரிச்சல் நமக்கும் தெரியும்.

இனி, மலையில் நமது ஆட்களை அதிகமாக வீழ்த்துவது எது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். குளவி. நாம் குளவி என்று சொல்வது பல வேளைகளில் பெரிய மலைத்தேனீதான். எதுவானாலும் கொட்டு கொட்டுத்தான். கொட்டு வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி பத்திரிகையில் வராத மாதம் உண்டா? குளவியைத் துவக்கால் சுட முடியாது. ஒவ்வாமையால் மூச்சு அடைத்துக்கொண்டு விழுகிறவருக்கு உடனே வேண்டியது அட்ரினலின் ஊசி. அந்த ஊசி உங்கள் தோட்ட மருந்தகத்தில் இருக்கிறதா? போடத் தெரிந்தவர் வேலை நேரத்தில் அங்கே இருக்கிறாரா? 1990 அம்புலன்ஸ் வந்து சேரும் வரை கொட்டுப்பட்டவரை மலையிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர ஒரு தூக்குப்படுக்கையாவது உண்டா? துவக்குக்குக் குரல் கொடுக்கிற கூட்டத்தில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை என்பது எங்களுக்குப் பெரிய மனவருத்தம்.

துவக்கு ஏற்கெனவே நமது பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பன்றிக்கென்று காட்டோரத்தில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, அனுமதி இல்லாத நாட்டுத்துவக்கு, சுருக்குக் கம்பி எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பன்றியின் உயரத்துக்குக் கட்டிய துவக்கு மனிதனின் முழங்காலிலும் தொடையிலும் வெடிக்கிறது. விறகுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் அதை மிதிக்கிறார்கள். சுருக்கில் பன்றி விழாத நாளில் சிறுத்தை விழுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் சுருக்கில் அகப்பட்ட கருஞ்சிறுத்தையை மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள். சில நாளில் அது செத்துப்போனது. கம்பியில் மாட்டிப் பாதி அறுந்த சிறுத்தை மூர்க்கமாகத்தான் இருக்கும், அதற்குக் கிட்டப் போனவர் கடி வாங்கத்தான் செய்வார். சுருக்கு வைக்கிறவர்களில் நமது ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முகத்துக்கு நேரே சொல்கிறோம்: உங்கள் கம்பிதான் பக்கத்து வீட்டு அக்காவை மலையில் ஆபத்தில் விடுகிறது. சட்டம் வந்து நிற்கிற நாளில் உங்கள் பிள்ளைகள்தான் நீதிமன்ற வாசலில் நிற்பார்கள்.

மலைநாட்டில் துவக்கின் சரித்திரத்தையும் ஒரு தடவை புரட்டுங்கள். நமது முன்னோர் கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக் காடு வழியாக வெறுங்கையோடு நடந்து வந்தார்கள். துவக்கு துரைமார் கையில் இருந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் அடித்துச் செத்தார். ஹோட்டன் சமவெளியில் இன்று யானை இல்லை. யானை போன பிறகும் துவக்கு போகவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாவில் வேலைநிறுத்தம் நடந்தபோது பொலிஸ் சூட்டில் விழுந்தவர் கோவிந்தன். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணியைப் பறிக்காதே என்று நின்றவர்கள்மீது சுட்டபோது விழுந்தவர் சிவனு லெட்சுமணன். இந்த மலைகளில் துவக்கு நீட்டப்பட்டபோதெல்லாம் அதன் வாய் எந்தப் பக்கம் பார்த்தது என்று நமது சங்கங்களுக்குத் தெரியும்.

சிறுத்தைக்கென்று தோட்டத்துக்கு ஒரு துவக்கு வந்தால் அது யாருடைய அலமாரியில் பூட்டியிருக்கும்? கொழுந்தெடுக்கிற தங்கச்சியின் காம்பராவிலா? நிர்வாகம் நம்புகிற காவலாளியின் தோளில்தான் அது தொங்கும். சம்பளப் பேச்சுவார்த்தை முறிந்து நாம் ஸ்டோர் வாசலில் உட்காருகிற நாளிலும் அதே தோளில்தான் தொங்கும். விறகு கட்டிக்கொண்டு எல்லையைத் தாண்டி வருகிற பையனையும் அதே ஆள்தான் மறிப்பார்.

அப்படியானால் சிறுத்தைக்கு என்ன வழி? மிருகம் ஏன் லயத்துக்குக் கிட்ட வந்தது என்று கேட்டால் வழி தெரியும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு எத்தனை மலை காடாகிவிட்டது என்று உங்கள் டிவிஷனிலேயே எண்ணிப் பாருங்கள். புல்லு வெட்ட ஆள் போடுவதில்லை, கான் வெட்டுவதில்லை, கவ்வாத்து தள்ளிப்போகிறது. ஆள் உயரம் வளர்ந்த தேயிலைக்குள் பன்றிக்கும் குளவிக்கும் சிறுத்தைக்கும் ஒன்றாக வீடு கட்டிக்கொடுத்தது நிர்வாகம்தான். குப்பை அள்ளாத லயத்தில் நாய் பெருகுகிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. இரவில் கக்கூஸுக்குப் போக இருட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு மின்விளக்குப் போடுவதற்கு எத்தனை கடிதம் எழுதுவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குள் இருக்கிற மெஷினுக்கு வேலி போடச் சொல்கிறது. கொழுந்து விளைகிற மலைக்கு அந்தச் சட்டம் ஏறி வருவதில்லை. 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமோ வேலை நேரத்தில் வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு தரச் சொல்கிறது. சிறுத்தை பிறாண்டினாலும் குளவி கொட்டினாலும் அது வேலைக் காயம். அதை ‘காட்டு மிருகம் செய்தது, நாங்கள் என்ன செய்ய’ என்று சொல்லி ஆஸ்பத்திரிச் சீட்டோடு வீட்டுக்கு அனுப்புகிற பழக்கத்தை இனி விடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக நாம் கேட்க வேண்டியது பேர். சிறுத்தையைக் கண்ட மலை என்று தெரிந்தும் பெண்கள் ஏன் இறங்குகிறார்கள்? இறங்காவிட்டால் அன்றைய பேர் இல்லை, கிலோ குறைந்தால் அரைப்பேர். பயத்தைவிட அரைப்பேர் பெரிதாகத் தெரிகிற வீட்டில் துவக்கு எதைக் காப்பாற்றும்? மிருகத்தைக் கண்டதாகவோ குளவிக்கூடு இருப்பதாகவோ ஒரு தொழிலாளி சொன்னால் அந்த மலையை அன்றைக்கு மூட வேண்டும், அங்கே போக இருந்தவர்களுக்கு வேறு மலை கொடுக்க வேண்டும், மலை இல்லாவிட்டால் முழுப்பேர் போட வேண்டும். மறுநாள் திறக்கும் முன் நாலு பேர் தகரம் தட்டிச் சத்தம் போட்டுச் சுற்றி வர வேண்டும். கீழ்ப்பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே நிரை பிடிக்க வேண்டும். மிருகத்துக்குப் போக வழி இருந்தால் அது போய்விடும். இதற்கெல்லாம் துவக்கை விடக் குறைந்த காசுதான் செலவாகும். ஆனால் பேர் போடுவதென்றால் கம்பனிக்குக் கை நடுங்கும். ஆகவே இதுதான் போராட வேண்டிய இடம்.

இந்த மாதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு கடதாசியில் மூன்று விடயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: காடாகிக் கிடக்கிற மலைகளின் நம்பர், குளவிக்கூடு இருக்கிற மரங்கள், கடந்த ஒரு வருடத்தில் மிருகத்தாலோ குளவியாலோ காயப்பட்டவர்களின் பெயரும் அவர்களுக்கு அன்றைக்குப் பேர் விழுந்ததா என்பதும். எழுதச் சிரமமானவர்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். மாதர் சங்கத் தலைவிமார் அதைத் திரட்டிக் கிளைக் காரியாலயத்தில் கொடுத்தால், முகாமையாளரோடு அடுத்த பேச்சுவார்த்தைக்கு அந்தக் கடதாசிகளையே மேசையில் வைக்கிறோம்.