22,100 டாலருக்கு என்ன வாங்கறோம்?

ஒரே வண்டிக்கு எட்டு விலை வெச்சு விக்கறது எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா அமெரிக்காவில் விக்கற டொயோட்டா டகோமா பிக்கப்பைப் பாருங்க. 2024 மாடல் வந்தப்போ அடிமட்ட எஸ்.ஆர். 31,500 டாலர். உச்சியில இருக்கற டி.ஆர்.டி. ப்ரோ 63,900 டாலர். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அடியில சேஸிஸ் ஒரே குடும்பம், மேல பாடியும் ஒரே குடும்பம். நடுவுல ஆறு படி.

பி.காம். படிக்கறவனுக்கு அமெரிக்கப் பிக்கப்ல என்ன வேலைன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்வி. பெரியப்பா பையன் டென்வர்ல இருக்கார். "நீதான் காமர்ஸ் ஆச்சே, ப்ரோ வாங்கலாமா வேண்டாமான்னு கணக்குப் போட்டுச் சொல்லுடா தம்பி"ன்னு கேட்டார். அவர் மனசுல ஏற்கனவே ப்ரோதான். என்கிட்ட கேட்டது கணக்கு இல்ல, ஆசீர்வாதம் :-) ஆனா ஒரு ஆள் அஞ்சு வருஷம் கடன் கட்டப் போற விஷயத்துல சும்மா ஆமாம் போட மனசு வரல. உக்காந்து படிச்சேன். படிச்சதுல எனக்கு வந்த முடிவை முதல்லயே சொல்லிடறேன்: பத்துல ஒன்பது பேருக்கு ப்ரோ தேவையில்லை. ஏன்னு கீழே.

அவர் முன்னாடி இருக்கறது ரெண்டு படி. ஒண்ணு டி.ஆர்.டி. ஆஃப்ரோட், 2024ல ஆரம்ப விலை 41,800 டாலர். இன்னொண்ணு ப்ரோ. வித்தியாசம் 22,100.

முதல்ல ரெண்டுலயும் இருக்கறதைப் பார்ப்போம். விளம்பரத்துல இதைத்தான் சொல்ல மாட்டாங்க. ரெண்டுலயும் நாலு சக்கர இழுவை இருக்கு, லோ ரேஞ்ச் கியர் இருக்கு. ரெண்டுலயும் பின் டிஃபரன்ஷியலைப் பூட்டற லாக்கர் இருக்கு. மணல், பாறை, சேறுன்னு தரைக்கு ஏத்த மாதிரி பிரேக்கையும் இழுவையையும் மாத்திக்கற மல்ட்டி டெரெய்ன் செலக்ட் இருக்கு. செங்குத்தான இறக்கத்துல காலை எடுத்துட்டு ஸ்டீயரிங்கை மட்டும் பிடிச்சா போதும்கிற க்ரால் கன்ட்ரோலும் இருக்கு.

இதுல லாக்கர் பத்தி மட்டும் நாலு வரி. சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு சோம்பேறி. எந்தச் சக்கரம் லேசா சுத்துதோ அது பக்கமே போயிடும். மேடு பள்ளத்துல ஒரு சக்கரம் காத்துல தொங்கினா, அது சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், தரையில ஊன்றிய சக்கரத்துக்கு வண்டியை நகர்த்தற அளவு பலம் போகாது. லாக்கரைப் போட்டா ரெண்டு சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தியாகணும், தரையில இருக்கறது வண்டியைத் தள்ளிடும். மலைப்பாதையில மாட்டிக்கிட்ட வண்டியை வெளியில கொண்டு வர்ற விஷயங்கள்ல இதுக்கு முதல் வரிசையில இடம். இது 41,800 டாலர் வண்டியிலேயே கிடைச்சிடுது.

அப்போ ப்ரோவுல என்ன கூடுதல்? பட்டியல் நீளம். ஹைப்ரிட் இன்ஜின், 326 குதிரைசக்தி (ஆஃப்ரோட்ல சாதா டர்போ இன்ஜின், 278). ஃபாக்ஸ் ஷாக் அப்சார்பர். கிட்டத்தட்ட 33 அங்குல டயர். முன் ஸ்டெபிலைசர் பாரை பட்டன்ல கழட்டி விடற வசதி (இது ஆஃப்ரோட்லயும் கூடுதல் காசுக்குக் கிடைக்கும்). ஸ்ப்ரிங், டாம்பர் எல்லாம் வெச்ச ஐசோடைனமிக் முன் சீட். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர், பின்னாடி ஏ.ஆர்.பி. பம்பர்.

இதுல ராஜா ஃபாக்ஸ் ஷாக்தான். ஷாக் அப்சார்பரோட வேலை குலுக்கலைச் சூடா மாத்தறது. உள்ள இருக்கற எண்ணெய் சின்ன துளை வழியா நெருக்கிப் போகுது, சூடாகுது. மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர்ல கரடுமுரடான மண்ரோட்டுல அரை மணி நேரம் விடாம ஓட்டினா சாதாரண ஷாக்ல எண்ணெய் காஞ்சு, நுரைச்சு, பிடிப்பை விட்டுடும். வண்டி படகு மாதிரி ஆடும். ப்ரோவுல இருக்கற ஷாக் தடிமனானது, எண்ணெய் அதிகம், நடுவுல மெத்துன்னும் கடைசியில கெட்டியாவும் இருக்கற மாதிரி உள்ளேயே பைபாஸ் வழி வெச்சிருக்காங்க. அருமையான சாமான்தான், மறுக்கல.

ஆனா கவனிங்க. இதோட பலன் முழுசா தெரியறது வேகத்துல. பாறை மேல மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்ல ஊர்ந்து போறவனுக்கு எண்ணெய் எங்க காயப் போகுது? ஆஃப்ரோட்லயும் ஒண்ணும் மட்டமான ஷாக் போடல. தனி எண்ணெய்க் கலயம் வெச்ச பில்ஸ்டீன் மோனோட்யூப்தான் இருக்கு. அண்ணா போகணும்னு ஆசைப்படற இடம் யூட்டாவுல கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுல இருக்கற ஒயிட் ரிம் ரோடு. சுமார் 100 மைல். அங்கே பூங்கா நிர்வாகம் கேக்கறது உயரமான, லோ ரேஞ்ச் உள்ள நாலு சக்கர இழுவை வண்டி. ஃபாக்ஸ் ஷாக் வேணும்னு எங்கயும் போர்டு வைக்கல.

டயர் கணக்கு இன்னும் வேடிக்கை. பின்னாடி இருக்கறது ஒரே தண்டு ஆக்ஸில். ஸ்ப்ரிங்கை உயர்த்தினா பாடிதான் உயரும், ஆக்ஸில் நடுவுல தொங்கற டிஃபரன்ஷியல் குண்டு இருந்த இடத்துலயே இருக்கும். அதைத் தரையிலிருந்து உயர்த்தறது டயர் மட்டும்தான். டயர் விட்டம் ஒரு அங்குலம் கூடினா குண்டு அரை அங்குலம் ஏறும். ப்ரோவுக்கும் ஆஃப்ரோடுக்கும் டயர்ல வித்தியாசம் சுமாரா அந்த ஒரு அங்குலம்தான். அரை அங்குலம் ஏறினதுக்காக 22,100 டாலரா!

மேல் மாடல் வாங்கினா எல்லாமே கூடும்னு நினைக்கறதும் தப்பு. டகோமா வரிசையில 6,500 பவுண்டு வரைக்கும் இழுக்கற மாடல் இருக்கு, ப்ரோவோட வரம்பு 6,000. கியர் போட்டு ஓட்ட ஆசைப்படறவங்களுக்கு ப்ரோவுல மேனுவல் கிடையாது, ஆஃப்ரோட்ல உண்டு. ஆறடி நீளத் தொட்டி வேணும்னாலும் ப்ரோவுல கிடையாது, அஞ்சடிதான். காசு கூடக் கூட சில கதவு திறக்குது, சில கதவு மூடுது.

இப்போ எங்க பாடத்துக்கு வர்றேன். 1849ல ஜூல் ட்யூபுயின்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் ரயில் கட்டணம் பத்தி எழுதினார். மூணாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இல்லையே, ஏன்? கூரை போடக் காசு இல்லாததால இல்ல. கூரை போட்டா ரெண்டாம் வகுப்பு டிக்கெட் எடுக்கற வசதி உள்ளவன் மூணாம் வகுப்புல ஏறிடுவான். அவனைப் பயமுறுத்தத்தான் ஏழையை மழையில நனைய விட்டாங்கன்னு சொன்னார். இன்னைக்கு வண்டிக் கம்பெனி பண்றதும் இதே ஜாதிதான். பெரிய திரை, நல்ல ஸ்பீக்கர், வேற நிறம், எல்லாத்தையும் மேல் படியில கட்டி வைப்பாங்க. ஷாக் மட்டும் தேவைப்படறவனும் மூட்டையா வாங்கணும். யார் எவ்வளவு கொடுக்கத் தயாரோ அவங்ககிட்ட அவ்வளவு வாங்கற வழி இது. போதாக்குறைக்கு, வெளிநாட்டுல இருந்து வர்ற சின்ன டிரக்குக்கு அமெரிக்கா 1964லிருந்து 25 சதவீத வரி போடுது. கோழி வரின்னு செல்லப்பேர். (ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதுக்குப் பழிக்குப் பழி!) போட்டி கம்மியான சந்தையில படிகளோட உயரத்தைக் கம்பெனி இஷ்டத்துக்கு வெக்கலாம்.

சரி, கணக்கு. நியாயமா இருக்கணும்னு ஹைப்ரிட் இன்ஜினைத் தனியா கழிச்சுடறேன். ஆஃப்ரோட்லயே ஹைப்ரிட் 46,300ல ஆரம்பிச்சது. அப்போ இன்ஜினுக்கு 4,500. மீதி 17,600 டாலர்தான் ப்ரோங்கற பேருக்கும் சாமானுக்கும்.

இந்த 17,600ஐ 7 சதவீத வட்டியில 60 மாசக் கடனா எடுத்துக்கிட்டா மாசத் தவணை சுமார் 348 டாலர். மொத்தமா கட்டறது கிட்டத்தட்ட 20,900. வட்டி மட்டும் 3,300. அஞ்சு வருஷம் கழிச்சு விக்கும்போது இந்தக் கூடுதல் தொகையில 60 சதவீதம் திரும்பக் கிடைக்குதுன்னு வெச்சுக்கலாம் (டகோமாவுக்கு மறுவிற்பனை நல்லாவே இருக்கு). போனது 7,040. வட்டியோட சேர்த்தா 10,340. வருஷத்துக்கு 2,070 டாலர்.

இதை எத்தனை நாளால வகுக்கறதுங்கறதுதான் விஷயம். அண்ணா வருஷத்துக்குப் பத்து நாள் மலையேறுவார். அதுக்கு மேல லீவு கிடையாது. ஒரு நாளைக்கு 207 டாலர் கூடுதல் வாடகை. மீதி 355 நாள் ஆபீஸ், கடை, கோயில். "இல்லடா, ப்ரோ இன்னும் நல்ல விலைக்குப் போகும்"னார். சரி, 80 சதவீதம் திரும்பக் கிடைக்கட்டும். அப்பவும் வருஷத்துக்கு சுமார் 1,365, நாளைக்கு 136. இன்சூரன்ஸையும் விற்பனை வரியையும் நான் சேர்க்கவே இல்ல. இதே வண்டியை வருஷத்துக்கு அறுபது நாள் பாலைவன மண்ரோட்டுல அடிச்சு ஓட்டறவருக்கு முதல் கணக்குப்படி நாளைக்கு 35 டாலர்கூட ஆகாது. அவர் தாராளமா வாங்கட்டும், நானே மாலை போடறேன்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும். ஆஃப்ரோட் வாங்கி அப்புறம் ஷாக், டயர், தூக்கற கிட்னு ஒண்ணொண்ணா மாட்டினா செலவு ஏறும். வாரன்ட்டியில வம்பு வரலாம். வண்டியோட உயரம் மாறினா முன்னாடி இருக்கற கேமரா, ரேடார் எல்லாம் சரிபார்க்க வேண்டி வரலாம். கம்பெனியே பொருத்திச் சோதிச்சுக் கொடுக்கறதுக்கு மதிப்பு இருக்கு. உண்மைதான். அந்தச் சாமான் எல்லாத்தையும் எப்படியும் மாட்டியே தீருவேன்னு இருக்கறவருக்கு ப்ரோ லாபம். மாட்டினாலும் மாட்டலாம்னு இருக்கறவருக்கு இல்ல. அந்த "லாம்"தான் 17,600 டாலர்.

ஆசைக்கு விலை இல்லையான்னும் கேக்கலாம். இருக்கு. காலையில வண்டியைப் பார்த்ததும் மனசு நிறையறதும் பயன்தான், எங்க பாடத்துல அதுக்கும் பயன்பாடுன்னுதான் பேரு. கையில இருக்கற காசுல வாங்கறவரை நான் ஏன் தடுக்கணும்? கடன்ல வாங்கறப்போ மட்டும் அந்த ஆசையை இன்னொரு ஆசையோட பக்கத்துல நிறுத்திப் பார்க்கணும். மாசம் 348 டாலர் வேற எதுவா ஆகியிருக்கும்?

எங்க வீட்டுல அந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்ல, அண்ணி. ஆவணியில அவங்களுக்குக் குழந்தை பிறக்கப் போகுது. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "பின்னாடி குழந்தை சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டினா, முன்னாடி நான் கால் நீட்ட முடியுமா?" டகோமாவுல பின் சீட் ஏற்கனவே நெருக்கம். ப்ரோவோட ஐசோடைனமிக் முன் சீட்டுக்கு முதுகு ரொம்ப தடிமன், அது பின்னாடி இருக்கற இடத்தை இன்னும் தின்னுடுது. குலுக்கல்ல ஓட்டறவனோட கண்ணும் கழுத்தும் ஆடாம இருக்கணும்னு செஞ்ச சீட், குழந்தைக்கு இடம் இல்லாமப் பண்ணுது. என் வட்டிக் கணக்கு முழுசையும் அண்ணி ஒரே வாக்கியத்துல தாண்டிட்டாங்க.

அதனால நான் அண்ணாவுக்கு எழுதினது இதுதான். ஆஃப்ரோட் வாங்குங்க. ஹைப்ரிட் வேணுமான்னு ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணுங்க. மிச்சத்துல நல்ல டயர் ஒரு செட், காத்தடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர், இழுக்கற கயிறு, மணல்ல வெக்கற பலகை, மலைப்பாதை ஓட்டக் கத்துத்தர்ற ஒரு நாள் வகுப்பு. டயர்ல காத்தை 35லிருந்து 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா கிடைக்கற பிடிப்பும் மெத்தும் எந்த மாடல் வாங்கினாலும் ஒண்ணுதான், அதுக்குக் காசும் கிடையாது. மீதி மாசத் தவணை வரப்போற குட்டிக்கு.

மத்தவங்களுக்குப் பொதுவா மூணு கேள்வி. வருஷத்துல எத்தனை நாள், எவ்வளவு வேகத்துல? கீழ் மாடல் எந்த இடத்துல என்னைக் கைவிட்டது, ஒரு இடத்தோட பேர் சொல்ல முடியுமா? வீட்டுல பின் சீட்டுல உக்காரப் போறவங்களைக் கேட்டாச்சா? மூணுக்கும் பதில் இருந்தா ப்ரோ வாங்குங்க. ரெண்டாவது கேள்விக்கே முழிச்சா, தேவை இன்னும் பிறக்கல, ஆசைதான் பிறந்திருக்கு.

டிஸ்கி: விலையெல்லாம் 2024 மாடல் அறிமுகமானப்போ இருந்த ஆரம்ப விலை, டெலிவரிச் செலவு சேர்க்காம. 60, 80 சதவீதம், 7 சதவீத வட்டி எல்லாம் நான் வெச்ச அனுமானம். உங்க பேங்க் சொல்ற வட்டியைப் போட்டு நீங்களே ஒரு தடவை வகுத்துப் பாருங்க. அண்ணா இன்னும் பதில் போடல, ரெண்டு நாளா ஆன்லைன்லயும் காணோம் :-)