ரிசல்ட்டும் ஒரு அவுட்புட் தான்!

ரிசல்ட் சீசன் வந்துவிட்டால் ஊரிலிருந்து எனக்கு வரும் போன்களின் தன்மையே மாறிவிடும். மற்ற மாதங்களில் "எந்த லேப்டாப் வாங்கலாம்?", "பிரிண்டர் ஏன் மக்கர் பண்ணுது?" என்று கேட்கும் சொந்தக்காரர்கள், இப்போது "ரிசல்ட் எத்தனை மணிக்கு? சர்வர் கிடைக்கலேன்னா என்ன செய்ய?" என்று கேட்பார்கள். சாஃப்ட்வேர் என்ஜினியர் என்றால் அரசாங்க சர்வரே என் மேஜைக்கு அடியில் இருக்கிறது என்று நினைப்பு! பண்பொழியில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் திருமலைக் கோவில் அடிவாரத்திலிருந்து மேக்கரை வரை எனக்கு "கஸ்டமர்கள்" உண்டு.

அவர்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. "திரையில் வருகிற நம்பர் சரிதானா? அதை எப்படிச் சரிபார்ப்பது?" இந்தக் கட்டுரை அதைப் பற்றித் தான்.

கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் பக்கத்தில் என்ன படித்தோம்? இன்புட், பிராசஸ், அவுட்புட். தேர்வு முடிவும் அப்படித்தான். மாணவன் எழுதுகிறான், ஆசிரியர் திருத்துகிறார், மதிப்பெண்கள் கூட்டப்படுகின்றன, கம்ப்யூட்டரில் ஏற்றப்படுகின்றன, கடைசியில் நம் போனில் ஒரு பக்கமாக விரிகின்றன. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் தவறு நேரலாம். ஆனால் கம்ப்யூட்டரில் வந்தது என்றாலே நம் மக்கள் அதைக் கல்வெட்டு போல நம்பிவிடுகிறார்கள்.

என் கதை

2015 மே மாதம். நான் பிளஸ் டூ. மொத்தம் 1200 மதிப்பெண் இருந்த காலம். கணிதத்தில் 190 வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தென்காசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் முக்கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தால் 171! ரெஃப்ரெஷ் செய்தேன். மீண்டும் 171. பதிவு எண்ணைத் திரும்ப அடித்தேன். 171 தான்.

அடுத்த மூன்று வாரம் வீட்டில் சரியாகப் பேச்சே இல்லை. "பேப்பர் திருத்தினவங்க தப்பு பண்ணிட்டாங்க" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. அப்பா திண்ணையில் முழித்துக் கொண்டு உட்கார்ந்திருப்பது தெரியும். நான் சொல்வது நிஜமா, சாக்கா என்று அவருக்கும் தெரியவில்லை. உண்மையில் எனக்கே தெரியவில்லை. அது தான் பெரிய வேதனை.

பணம் கட்டி விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தோம். டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுத்து வந்த அன்று குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரை அடித்துக் கொண்டிருந்தது. அப்பாவும் நானும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். ஒரு மார்க் கேள்விகள் 40. அதில் 27-வது கேள்வியைப் பிறகு யோசிக்கலாம் என்று விட்டிருக்கிறேன். ஆனால் 28-ன் விடைக்கு 27 என்று எண் போட்டுவிட்டேன். அங்கிருந்து கடைசி வரை எல்லாமே ஒன்று தள்ளிப் போய்விட்டது. 13 சரியான விடைகள், 13 தவறான எண்கள், 13 மார்க் காலி. மீதி 6 மார்க், நான் நினைத்ததை விட மோசமாக எழுதியதால் போனது. திருத்தியதில் ஒரு குறையும் இல்லை.

புரோகிராம் எழுதுபவர்கள் இதை "ஆஃப் பை ஒன்" பிழை என்பார்கள். லூப்பில் ஒரு எண் தள்ளிப் போனால் மொத்தக் கணக்கும் போய்விடும். அந்தப் பெயரைக் கல்லூரியில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்கு முன்பே அதற்கு விலை கொடுத்தவன் நான்!

அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நம்பரைத் தானலே மாத்திப் போட்டிருக்க. கணக்குத் தெரியாமப் போயிரலையே. சரி, சாப்பிடு" என்றார். அன்று இரவு இரண்டு பேரும் தூங்கினோம். மதிப்பெண் ஒன்று கூட ஏறவில்லை. கட்-ஆஃபில் ஆறரை போனது போனது தான். நினைத்த கல்லூரியும் கிடைக்கவில்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துவிட்டது.

பிழை எங்கே என்று தெரியாத வரை தான் பயம். தெரிந்துவிட்டால் அது வேலை. தினமும் அலுவலகத்தில் நான் பார்க்கும் உண்மை இது.

திருத்துவதிலும் தவறு வரும்

என் விஷயத்தில் தவறு என்னுடையது. எப்போதும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் 18-ம் தேதி தெலுங்கானாவில் இன்டர்மீடியட் தேர்வு முடிவுகள் வெளியாயின. சுமார் 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் எழுதிய தேர்வு. நன்றாகப் படித்தவர்களுக்குத் தோல்வி, தேர்வு எழுதியவர்களுக்கு "ஆப்சென்ட்" என்று முடிவுகள் வந்தன. ஒரு மாணவிக்குத் தெலுங்கில் பூஜ்யம். விடைத்தாளைப் பார்த்தால் 99! ஓ.எம்.ஆர். தாளில் 99 என்ற வட்டங்களுக்குப் பதில் 00 வட்டங்களை நிரப்பியிருந்தார்கள். அதை அப்படியே வாங்கிக்கொண்ட சாஃப்ட்வேர், "மற்ற பாடங்களில் நன்றாக எடுத்தவருக்கு இதில் மட்டும் பூஜ்யமா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்க நாலு வரி கோட் போதும்.

அந்த நாட்களில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக் கொண்டதாகச் செய்திகள் வந்தன. பிறகு மூவர் குழு அமைத்தார்கள். தோல்வியடைந்த அனைவரின் விடைத்தாள்களையும் கட்டணம் இல்லாமல் சரிபார்த்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்ச்சி பெற்றார்கள். இந்தச் சரிபார்ப்பு ரிசல்ட்டுக்கு முன்பே நடந்திருக்க வேண்டாமா?

வெளிநாட்டிலும் இதே கதை உண்டு. கொரோனாவால் 2020-ல் இங்கிலாந்தில் ஏ லெவல் தேர்வுகள் ரத்தாயின. ஆசிரியர்கள் கொடுத்த கிரேடுகளை, பள்ளியின் பழைய ரிசல்ட்டுகளை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கணக்கு மாற்றியமைத்தது. ஆகஸ்ட் 13-ம் தேதி முடிவு வந்தபோது சுமார் 39 சதவீத கிரேடுகள் குறைந்திருந்தன. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17-ம் தேதி அரசு அந்தக் கணக்கைக் கைவிட்டு, ஆசிரியர் கொடுத்த கிரேடையே ஏற்றது.

இதோடு நம் தமிழ்நாட்டின் 2021-ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். பிளஸ் டூ தேர்வு ரத்தானது. பத்தாம் வகுப்பில் அதிக மார்க் எடுத்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 சதவீதம், பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று ஃபார்முலாவை முன்பே அறிவித்தார்கள். திருப்தி இல்லாதவர்கள் பிறகு தேர்வு எழுதலாம் என்றார்கள். ஃபார்முலாவில் குறை சொன்னவர்கள் இருக்கலாம். ஆனால் காகிதமும் பேனாவும் எடுத்தால் ஒவ்வொரு மாணவனும் தன் மார்க்கைத் தானே போட்டுப் பார்க்க முடிந்தது. அது தான் முக்கியம்.

என் கோரிக்கை

ரிசல்ட் வரும் அன்றே ஒவ்வொரு மாணவனுக்கும் அவனுடைய விடைத்தாளின் ஸ்கேன் பிரதியும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். கிளிக் செய்தால் விடைத்தாள். அவ்வளவு தான்.

இது சலுகை அல்ல. திருத்தப்பட்ட விடைத்தாள் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி "தகவல்" தான், எழுதியவருக்கு அதைப் பார்க்கும் உரிமை உண்டு என்று சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இப்போதும் நம் மாநிலத்தில் நகல் கிடைக்கிறது. ஆனால் குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பித்து, பாடத்திற்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளை நான்கு பாடத்திற்குக் கட்டணம் கேட்குமா? பேசாமல் இருந்துவிடும்.

"இத்தனை லட்சம் பேருக்கு நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். பிளஸ் டூ எழுதுபவர்கள் சுமார் 8 லட்சம். 6 பாடம். ஆக 48 லட்சம் விடைத்தாள்கள். ஒன்றுக்கு 30 பக்கம், கருப்பு வெள்ளையில் பக்கத்துக்கு 100 கிலோபைட் என்று வைத்துக் கொண்டால், ஒரு விடைத்தாள் 3 மெகாபைட். மொத்தம் சுமார் 14 டெராபைட். இன்று கடையில் கிடைக்கும் ஒரே ஒரு 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடும்!

ஸ்கேன் செய்வது தான் பெரிய வேலை. மொத்தம் 14.4 கோடி பக்கம். நிமிடத்துக்கு 60 பக்கம் எடுக்கும் ஸ்கேனர்கள் 500 இருந்தால், தினம் 8 மணி நேரம் வீதம் 10 நாள். தையல் பிரிப்பது, பேப்பர் சிக்குவது, மின்வெட்டு எல்லாம் சேர்த்து இரண்டு மடங்கு என்றே வைத்துக் கொள்ளுங்கள். 20 நாள். மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் முடியாத காரியம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் மும்பை பல்கலைக்கழகம் போதிய தயாரிப்பு இல்லாமல் எல்லா விடைத்தாள்களையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டர் திரையிலேயே திருத்த முயன்றது. முடிவுகள் பல வாரம் தாமதமாகி, துணைவேந்தரே பதவி இழக்க நேர்ந்தது. நான் கேட்பது அதுவல்ல. திருத்துவது இப்போது போலவே பேப்பரில் நடக்கட்டும். திருத்திய பிறகு ஸ்கேன் செய்யுங்கள். முதல் ஆண்டில் ஒரு மாவட்டம், ஒரு பாடம் என்று சோதித்துப் பாருங்கள். எந்த சாஃப்ட்வேரையும் ஒரே நாளில் எட்டு லட்சம் பேர் தலையில் கட்டக்கூடாது.

எல்லாரும் மறுமதிப்பீடு கேட்டுக் குவித்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கலாம். என் அனுபவம் வேறு. பேப்பரைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன்!

அதுவரை வீட்டில் என்ன செய்வது?

மாணவர்களே, ரிசல்ட் பக்கம் வந்ததும் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். பெயர், பிறந்த தேதி, ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு எல்லாவற்றையும் தனித்தனியாகப் பார்த்து, நீங்களே கூட்டிப் பாருங்கள். பக்கத்தை அப்படியே சேமித்து வைத்துக் கொள்ளுங்கள். சர்வர் திணறினால் பதற வேண்டாம். உங்கள் மார்க் எங்கும் ஓடிப் போகாது. டிஜிலாக்கரிலும் பள்ளியிலும் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் முதலில் நகல் கேளுங்கள். கூட்டலில் தவறு என்றால் மறுகூட்டல், திருத்தியதில் தவறு என்றால் மறுமதிப்பீடு. கடைசி நாளைத் தவற விடாதீர்கள். தேர்ச்சி பெறாவிட்டால் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு உண்டு. அதே ஆண்டிலேயே கல்லூரியில் சேரலாம்.

பெற்றோர்களுக்கு ஒன்று. பிள்ளை ரிசல்ட் பார்க்கும்போது பின்னால் கூட்டமாக நிற்காதீர்கள். மார்க்கை வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் போடும் முன் பிள்ளையிடம் கேளுங்கள். முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நாம் ஏன் வீட்டில் ரேங்க் போட வேண்டும்?

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர்கள் நடத்தும் பயிற்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களைத் தாங்களே தேர்வு வைத்து எடுத்து, சாஃப்ட்வேர் வேலை கற்றுத் தருகிறார்கள். எல்லாருக்கும் அங்கே இடம் கிடைக்காது. ஆனால் கட்-ஆஃப் அல்லாத ஒரு கதவு நம் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

ரிசல்ட் நாளில் உங்கள் வீட்டுப் பிள்ளை பேசாமல் இருந்தால் தனியே விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பள்ளிக்கல்வித்துறையின் 14417, மருத்துவ உதவிக்கான 104, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம். இந்த மூன்று எண்களையும் இப்போதே போனில் சேமித்துக் கொள்ளுங்கள்.

என் 171 மார்க் விடைத்தாள் பண்பொழி வீட்டு பீரோவில் இன்னும் இருக்கிறது. புரோகிராமில் பிழை கிடைக்காமல் இரவு இரண்டு மணி வரை தலையைப் பிய்த்துக் கொள்ளும் நாட்களில் அந்த 27-ம் எண் ஞாபகம் வரும். முதலில் எண்ணைச் சரிபார் என்று அது சொல்லும். பல நேரம் பிழை அங்கே தான் இருக்கும்!